பலம் யாருடையது? தாழ்மையைப் பற்றி எங்கள் வாலிபர் கேட்ட கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் சபையில் ஞாயிறு மாலை வேதபாடம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு வாலிபப் பிள்ளைகள் வருவார்கள், சில நாள் அவர்களுடைய அம்மா அப்பாவும் வருவார்கள். இந்த லெந்து என்கிற தவக்கால நாட்களில் தேவனுக்கு முன்பாகத் தாழ்மையாயிருப்பதைப் பற்றிப் படித்தோம். பாடம் நடக்கும்போது பெரும்பாலும் யாரும் வாய் திறக்கவில்லை. முடிந்து, வாசலில் செருப்பு மாட்டும்போதும் பைக்கை எடுக்கும்போதும்தான் உண்மையான கேள்விகள் வந்தன. அவற்றை எழுதிவைத்து, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்து, போதகரிடம் காட்டித் திருத்தியும் வாங்கினேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

தாழ்மை என்றால் "எனக்கு ஒன்றும் தெரியாது, நான் ஒன்றுக்கும் ஆகாதவன்" என்று சொல்லிக்கொண்டு இருப்பதா?

இல்லை. நன்றாகப் பாடுகிற பிள்ளை "எனக்குப் பாடவே வராது" என்று சொன்னால் அது பொய். நான்கு பேர் "இல்லை இல்லை, நீ அருமையாய்ப் பாடுகிறாய்" என்று சொல்லட்டும் என்று காத்திருந்து சொன்னால், அந்தப் பொய்க்குள் பெருமையும் இருக்கிறது.

என் தாத்தா பனையேறி. அக்கானி, அதாவது பதநீர், இறக்கும் காலத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்குவார். நெஞ்சிலும் முழங்கையிலும் தோல் மரப்பட்டை மாதிரி காய்த்திருக்கும். "எனக்கு ஏறத் தெரியாது" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஒவ்வொரு பனையிலும் காலில் திளாப்பு என்கிற ஏறும் வளையத்தை மாட்டியதும் மரத்தில் கை வைத்து ஒரு நிமிடம் அப்படியே நிற்பார். என்ன செய்கிறீர்கள் என்று சின்ன வயதில் கேட்டேன். "மரமும் அவருக்கதாக்கும் மக்களே, மூச்சும் அவருக்கதாக்கும். ஏறுறது மட்டுந்தான் நான்" என்றார்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைப் பிறகு வாசித்தபோது தாத்தாவின் குரலில்தான் கேட்டது: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது? நீ பெற்றுக்கொண்டாயானால் பெற்றுக்கொள்ளாதவன்போல் ஏன் மேன்மைபாராட்டுகிறாய்?" உனக்குத் திறமை இல்லை என்று பவுல் சொல்லவில்லை. அது எங்கேயிருந்து வந்தது என்றுதான் கேட்கிறார்.

பலவீனம்தானே ஆபத்து? பலம் எப்படி ஆபத்தாகும்?

நாங்கள் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். பலவீனமான இடத்தில் நாம் ஜெபிக்கிறோம். கணக்கு வராத பிள்ளை கணக்குப் பரீட்சைக்கு முன்னால் முழங்காலில் நிற்கும். கணக்கு நன்றாக வருகிற பிள்ளை பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கிவிடும். பலமான இடத்தில் காவல் வைக்கத் தோன்றுவதில்லை.

வேதத்தில் பார்த்தால் பலர் விழுந்தது அவர்களுடைய பலமான இடத்தில்தான். சாலொமோனைவிட ஞானி இல்லை. அவன் முதிர்வயதில் அந்நிய தேவர்களைப் பின்பற்றிச் செய்த மதியீனத்தை நம் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் செய்யமாட்டாள். பேதுருவுக்குத் துணிச்சல் அதிகம், தோட்டத்தில் பட்டயத்தை உருவினவன் அவன். அதே இரவில் ஒரு வேலைக்காரிக்கு முன்னால் அவன் துணிச்சல் போயிற்று. மோசே பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12 சொல்கிறது. எட்டு அதிகாரம் தள்ளிப் பாருங்கள். கன்மலையோடு பேசு என்று கர்த்தர் சொல்கிறார், மோசேயோ ஜனங்களைக் கலகக்காரரே என்று திட்டிவிட்டு "நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ" என்று கேட்டு இரண்டுதரம் அடிக்கிறான். அந்த "நாங்கள்" என்ற சொல்லில் எத்தனை முறை வாசித்தாலும் என் கண் நின்றுவிடும். நாற்பது வருஷம் சுமந்த ஜனத்தோடு அவன் கானானுக்குள் போகவில்லை.

இன்னும் தெளிவாகப் பார்க்க உசியா ராஜாவை வாசியுங்கள், 2 நாளாகமம் 26. பதினாறு வயதில் ராஜாவாகி 52 வருஷம் ஆண்டவன். கோபுரங்கள் கட்டினான், கிணறுகள் வெட்டினான், பயிர்த்தொழிலில் பிரியமுள்ளவனாயிருந்தான். நம்மூர்க்காரன் மாதிரிதான், மண்ணைக் கண்டால் விடமாட்டான். பலப்படும்வரை அதிசயமாய் உதவி பெற்றான், பலப்பட்டபின் அவன் மனம் மேட்டிமையானது என்று அந்த அதிகாரம் சொல்கிறது. ஆசாரியர் மட்டும் செய்யவேண்டிய தூபங்காட்டலைத் தானே செய்யப் போனான். எண்பது ஆசாரியர் தடுத்தும் கேட்கவில்லை, கோபித்தான். நெற்றியில் குஷ்டம் வந்து, சாகும்வரை தனி வீட்டில் இருந்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜெபிக்க வரும். குடும்ப ஜெபக்கூட்டங்களில் முடிவு ஜெபத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அவர் ஜெபித்தால் கண்ணீர் வரும்" என்று சொல்வார்கள், அது என் காதில் விழும், எனக்குப் பிடிக்கும். என் அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இரவில் உறவுக்காரர் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. வசனம் வருகிறது, அது யாருக்கோ சொல்வதுபோல் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாயிருந்த ஒரு வயதான அம்மா எழுந்துவந்து என் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, நீரு பாத்துக்கிடும்" என்றார்கள். அவ்வளவுதான். போய் உட்கார்ந்துகொண்டார்கள். பல வருஷமாக நான் ஜெபித்தது யாரிடம் என்று அன்று இரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"என் பலத்தால் அல்ல" என்று விட்டுவிட்டுப் படிக்காமல் இருக்கலாமா?

கூடாது. கிதியோனிடம் 32,000 பேர் இருந்தார்கள். "என் கை என்னை ரட்சித்தது" என்று இஸ்ரவேல் வீம்பு பேசாதபடிக்கு கர்த்தர் அதை 10,000 ஆக்கி, பிறகு 300 ஆக்கினார். ஆனால் அந்த 300 பேரும் வீட்டில் படுத்துத் தூங்கவில்லை. எக்காளம், பானை, தீவட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு நடுராத்திரியில் போனார்கள். படியுங்கள்.

எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே நம் மாவட்டம்தான் முதல். இதில் பெருமைப்படக் கூடாதா?

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், மாநிலத்தில் முதலிடம். சந்தோஷப்படுங்கள், நானும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் நம் தாத்தாவின் தாத்தாவுக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்கவே இடமில்லாமல் இருந்ததை மறந்துவிட்டு அல்ல. 1806இல் மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார், அவரை வரும்படி அழைத்தது, உயர்ந்த சாதியார் ஒதுக்கிவைத்த குடும்பத்தில் பிறந்த மகாராசன் வேதமாணிக்கம். பிறகு வந்த மிஷனெரி மீட் காலத்தில் கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடம் வந்தது. நமக்கு யாரோ கொடுத்தார்கள். உபாகமம் 8 சொல்கிற பேச்சு, "என் சாமர்த்தியமும் என் கைபெலனும்" என்பது, பசியாயிருக்கும்போது வருவதில்லை. சாப்பிட்டுத் திருப்தியாகி நல்ல வீடு கட்டின பிறகு வருகிறது என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. ஊரைச் சுற்றிப் பாருங்கள், இப்போது எத்தனை நல்ல வீடுகள்!

கல்யாணப் பேச்சில் "அவங்களுக்குப் படிப்பு கிடையாது" என்று ஒரு குடும்பத்தை நாம் தள்ளிவிடுகிறோமே, அந்த இடத்தில் சந்தோஷம் பெருமையாக மாறிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

"கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்று புதுவருஷ வாக்குத்தத்த அட்டை வந்தது. அப்போது தாழ்மை எதற்கு?

உபாகமம் 28:13. அட்டையில் பாதி வசனம்தான் அச்சடித்திருப்பார்கள். கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்பதும் அந்த வசனத்திலேயே இருக்கிறது. அப்புறம், தலையாவது என்றால் என்ன? சபைக்குத் தலையாயிருக்கிற கிறிஸ்து இடுப்பில் சீலையைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவினார். அந்த மாதிரித் தலையாக வேண்டும் என்று கேட்டு அந்த அட்டையை வேதாகமத்துக்குள் வையுங்கள்.

சாட்சி சொல்லும்போது "ஆண்டவர் கிருபையால் மகனுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை, மகளுக்கு எம்.பி.பி.எஸ். சீட்" என்று சொல்கிறார்களே, அது தாழ்மைதானே?

சிலருக்கு முழு மனதோடு வரும் நன்றி அது. நாம் நியாயந்தீர்க்க வேண்டாம். ஆனால் நான் சாட்சி சொல்ல எழும்புமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் மகன் மூன்றாவது வருஷமாக நீட் எழுதுகிறான், நான் சொல்வதைக் கேட்டு அவர் தேவனை நோக்கிப் பார்ப்பாரா, தரையைப் பார்ப்பாரா?

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சேவலை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிறார்கள். இது காணிக்கையா, பவுசா?

இரண்டும் கலந்திருக்கும். எனக்கு அந்த ஏலம் பிடிக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலாப்பழமும் வாழைக்குலையும் மரச்சீனியும் ஆலய முற்றத்தில் குவிந்து கிடக்க, எல்லோரும் சிரித்துப் பேசி நிற்கிற ஒரு நாள் அது. ஆனால் ஏலத்தில் இரண்டு பேர் போட்டி போடும்போது, கடைசியில் யார் பெயரைச் சொல்லித் தட்டுகிறார்கள் என்பதில்தான் இரண்டு பேருக்கும் கண். அதே முற்றத்தில் ஒரு விதவை நான்கு தேங்காயைத் துணிப்பையில் கொண்டுவந்து யாரும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போயிருப்பாள்.

மின்விசிறியின் இறக்கையில் கொடுத்தவர் பெயரை எழுதுகிற பழக்கத்தைப் பற்றியும் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். பிரசங்க நேரத்தில் கண் மேலே போனால் அந்தப் பெயர்தான் தெரிகிறது.

தாழ்மை, தாழ்மை என்று சொல்லித்தானே நம் முன்னோரை அடக்கி வைத்தார்கள்? திரும்பவும் அதையே போதிக்கிறீர்களா?

இதைக் கேட்டது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். கோபத்தோடுதான் கேட்டாள். அந்தக் கோபம் சரியானது.

இந்த மண்ணில் நம் பாட்டிமார் மேல்சீலை போட அனுமதியில்லாமல் இருந்தார்கள். போட்டவர்களின் சீலையைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். அதனால் எழுந்த தோள்சீலைக் கலகம் பல ஆண்டுகள் விட்டுவிட்டு நடந்து, 1859இல் திருவிதாங்கூர் அரசின் அறிக்கை வந்த பிறகுதான் தோளை மூடும் உரிமை கிடைத்தது. அதுவும் உயர்ந்த சாதிப் பெண்களைப்போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆண்கள் தலையில் துண்டு கட்டக் கூடாது, இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும். இதையெல்லாம் பணிவு என்றுதான் சொன்னார்கள். அது பணிவு இல்லை, பயம். பயத்தை வைத்து வாங்குவது தாழ்மை ஆகாது. வாங்குகிறவனுடைய பெருமைதான் அதில் இருக்கிறது.

சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் பதிக்குப் போகிற ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போவார்கள். அய்யாவழி நண்பர் ஒருவர் என்னைக் கூட்டிப்போனபோது நானும் கட்டிக்கொண்டேன். உள்ளே கண்ணாடி இருக்கிறது. கடவுளை வணங்கப் போகிற இடத்தில் "நிமிர்ந்து வா" என்று சொன்ன ஒருவர் இந்த மாவட்டத்தில் இருந்தார். என் விசுவாசம் வேறு, ஆனால் அந்தத் தலைப்பாகையைக் கட்டியபோது என் கண் கலங்கியது.

தேவனுக்கு முன்னால் மட்டும் முழங்கால் போடுகிறவன் வேறு யாருக்கும் முன்னால் போடவேண்டியதில்லை. ஆகையால் தங்கச்சி, உன்னைச் சிறுமைப்படுத்துகிறவனுக்கு முன்னால் குனியாதே. ஆனால் நம்மைவிடக் கீழே என்று நாம் நினைக்கிற சாதியார் நம் வீட்டுக்கு வரும்போது எந்த டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறோம் என்பதையும் பார். கிழிபட்ட சீலைக்குப் பிறந்த நாமே அதைச் செய்தால் அதைவிட வெட்கம் இல்லை.

நம் மாவட்டத்தில் இப்படி வாழ்ந்த யாரையாவது சொல்லுங்கள்.

இரண்டு பேரைச் சொல்கிறேன். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டப் பிள்ளை. மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் அரண்மனையில் அதிகாரி, செல்வாக்குள்ளவர். மாடுகள் செத்து, விளைச்சல் போய், மனம் உடைந்திருந்த நேரத்தில் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய். யார் அந்த டிலனாய்? 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைபிடிக்கப்பட்ட டச்சுப் படை அதிகாரி. தோற்றவன் சொல்ல, அதிகாரத்தில் இருந்தவர் கேட்டார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது அவர் எடுத்துக்கொண்ட பெயர் தேவசகாயம், லாசரு என்ற பெயரின் பொருள் அது. தேவன்தான் உதவி என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டார். பதவி போயிற்று, அடி வாங்கினார், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். நாம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அவர் கத்தோலிக்கர் என்று இந்தக் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது நமக்குத்தான் நஷ்டம்.

இன்னொருவர் டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல். எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேயர். 1922இல் அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள், வெள்ளைக்காரர் ஒருவரும் இறக்கவில்லை. அது அவர் மனதை அறுத்தது. அதன்பின் தெற்கே சுற்றி வந்தபோது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கூட்டத்தையும் மருத்துவர்கள் போதாததையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த பெரிய வேலையை விட்டுவிட்டு நெய்யூருக்கு வந்தார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி ஏறினார். இறங்கும்போது தொண்டை அடைத்து, மூச்சு நின்று, சாகிறேன் என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக நெஞ்சை அழுத்தி இருமினதில் அடைப்பு வெளியே வந்து பிழைத்தார். அந்த உயரத்துக்குப் போனவர் அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேல் இங்கே நம் ஊர் ஜனத்தின் வயிற்றுப்புண்ணுக்கும் புற்றுநோய்க்கும் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். தன் பலத்தை அவர் தூக்கி எறியவில்லை. கொண்டுவந்து நெய்யூரில் வைத்தார்.

ஒக்கி புயலில் இறந்தவர்கள் கடலில் தங்கள் அனுபவத்தை நம்பிப் பெருமையாய்ப் போனதால் தண்டனை என்று ஒரு கூட்டத்தில் பிரசங்கி சொன்னார். அப்படியா?

இல்லவே இல்லை. இதைக் கேட்ட தம்பிக்குத் தூத்தூர்ப் பக்கம் சொந்தம் உண்டு. அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாயிருந்தது.

2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை வருமுன்னே போயிருந்தவர்கள் பலர். பிழைப்புக்குக் கடலுக்குப் போவது பெருமை இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்ததைப் பற்றி, எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று அவரே சொல்லிவிட்டார். அவர் சொன்ன பிறகு நாம் பேசக் கூடாது.

கடலுக்குப் போகிறவர்களிடம் நான் கண்டது வேறு. வள்ளம் இறக்கும்போது சிலுவை போடாத கையை நான் பார்த்ததில்லை. வரைபடமும் ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் வைத்திருக்கிறார்கள், மாதாவிடமும் கேட்கிறார்கள். மற்றவனுடைய துக்கத்துக்குக் காரணம் தனக்குத் தெரியும் என்று கரையில் மைக்கைப் பிடித்துச் சொல்கிறவன்தான் தன் பலத்தில் மேன்மைபாராட்டுகிறான். யோபுவின் நண்பர்களும் அதைத்தான் செய்தார்கள், கடைசியில் யோபு அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியிருந்தது. அந்தத் தம்பியிடம் நான் கேட்டுக்கொண்டதும் அதுதான். முடிந்தால் அந்தப் பிரசங்கிக்காக ஜெபி, முடியாவிட்டால் இப்போது வேண்டாம்.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டி எங்களை வளர்த்தவர். பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். யாரையும் குளிப்பாட்ட விடமாட்டேன் என்கிறார், ஊட்டினால் முகத்தைத் திருப்புகிறார். இது பெருமையா? அவருக்கு என்ன சொல்வது?

அவரிடம் பெருமை என்ற வார்த்தையைச் சொல்லிவிடாதே அம்மா. விடியுமுன் எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரம் வெட்டின கை அது. அந்தக் கை எழும்பவில்லை என்பது அவருக்குத் தினமும் காலையில் புதிதாகத் தெரிகிறது.

"நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொன்னான். கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வது சில ஆட்களுக்குக் கஷ்டம், அதுவும் வாழ்நாள் முழுவதும் கொடுத்தே பழகினவர்களுக்கு. இயேசு அவனைத் திட்டவில்லை, நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட்டு, கையில் தண்ணீரோடு நின்றார். நீயும் தண்ணீரோடு நில். அண்ணனோ மருமகனோ யாராவது ஆண்பிள்ளை குளிப்பாட்டட்டும், அவருக்கு வெட்கம் குறையும். கதவைச் சாத்திக்கொள்ளட்டும்.

இன்னொன்று. அவர் இப்போதும் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. காலையில் உன் மகன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவர் கட்டில் பக்கம் அனுப்பு. அசைகிற அந்த இடது கையைப் பிள்ளையின் தலையில் வைத்து அவர் ஜெபிக்கட்டும். வாய் குழறினால் பரவாயில்லை. பஸ் தவறினாலும் பரவாயில்லை, அவர் முடிக்கும்வரை பிள்ளை நிற்கட்டும்.